லீவுக்குப் போன இடத்துல தைராய்டு ஆபரேஷன்

ஒரு மாச லீவுக்குத்தான் ஊருக்குப் போனேன். ஹாஷிமோட்டோ (நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே தைராய்ட தாக்குற வியாதி) பத்து வருஷமா இருக்கு, காலைல ஒரு மாத்திரை, அப்பப்போ டிஎஸ்எச்னு தைராய்டு ரத்த டெஸ்ட், அதுபாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு. கழுத்துல ஒரு பக்கம் வீங்குன மாதிரி இருக்கேடின்னு அக்காதான் முதல்ல சொன்னா.

வேகத்துக்குக் குறையே இல்ல, அன்னிக்கே ஸ்கேன் மறுநாளே ஊசி டெஸ்ட் (வீக்கத்துல ஊசி குத்தி செல் எடுத்துப் பாக்குறது). ஆனா முதல்ல போன இடத்துல ரிப்போர்ட் ஒரே வரிதான், ஹாஷிமோட்டோன்னு. கவுன்ட்டர்ல இருந்தவங்க "கேன்சர் இல்லம்மா, நிம்மதியா போங்க"ன்னுட்டாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல, ஸ்கேன்ல டைராட்ஸ் 5ன்னு, அதாவது கேன்சர் சந்தேகம் அதிகம்னு போட்டிருந்துச்சே!

வேற ஒரு சர்ஜன்கிட்ட காட்டினேன், ரெண்டு ரிப்போர்ட்டும் ஒத்துப்போகலயேன்னு ஸ்கேன் பாத்துக்கிட்டே மறுபடி ஊசி போட வச்சார், பாப்பில்லரின்னு ஒரு வகை தைராய்டு கேன்சர் சந்தேகம்னு வந்துச்சு. டிக்கெட்ட தள்ளிப் போட்டு முழு தைராய்டையும் எடுத்தாச்சு. ராத்திரி நர்ஸ் தங்கச்சி தூங்கவே விடல, உதட்டச் சுத்தி மதமதன்னு இருக்காக்கா, விரல் குறுகுறுங்குதான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு, ஆபரேஷனால கால்சியம் இறங்குனா அப்படித்தான் ஆரம்பிக்குமாம்.

பயாப்ஸில வந்த பேரு 'வார்தின் லைக்'. பாப்பில்லரிலயே அபூர்வமான வகை, 1995லதான் தனியா எழுதியிருக்காங்க. எச்சில் சுரப்பில வர்ற வார்தின் கட்டி மாதிரியே மைக்ராஸ்கோப்ல தெரியுமாம், உள்ள பூரா லிம்போசைட்ங்குற வெள்ளை அணு. ஹாஷிமோட்டோலயும் அதே லிம்போசைட்தான, ஊசில ஏமாத்திடும்னு சர்ஜன் பேப்பர்ல படம் போட்டு சொன்னார். பெரும்பாலும் சாதாரண பாப்பில்லரி மாதிரிதான் நடந்துக்கும்னு சொன்ன அப்புறம்தான் மூச்சே வந்துச்சு.

என்னை மாதிரி ரெண்டு நாட்டுல வைத்தியம் பாக்குறவங்க ஒண்ணு கவனிங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் தைராய்டு செல் சுரக்குற தைரோகுளோபுலின்னு ஒரு புரதத்த ரத்தத்துல டெஸ்ட் பண்ணித்தான் திரும்ப வருதான்னு பாப்பாங்க, ஹாஷிமோட்டோ இருக்குற நமக்கோ அதுக்கே எதிரா ஆன்டிபாடி இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, அது இருந்தா நம்பர் பொய்யா கம்மியா காட்டலாம், அதனால ஆன்டிபாடியும் சேத்தே எடுக்கணும், அதுவும் ஒரே முறைல டெஸ்ட் பண்ற லேப்ல, அங்க எடுத்ததையும் இங்க எடுத்ததையும் பக்கத்துல வச்சுப் பாத்தா குழப்பம்தான்.

அப்புறம் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் பத்தாது. வெட்டி எடுத்த திசுவ வச்சிருக்குற கண்ணாடி ஸ்லைடு, மெழுகு பிளாக் ரெண்டும் எழுதிக் குடுத்துக் கேளுங்க. நான் கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி போய் நின்னு, லெட்டர் இல்லன்னு திருப்பி விட்டு, மறுநாள் அக்காவும் நானும் போய் அரை நாள் காத்திருந்து வாங்கினோம். மெழுகாச்சே, வெயில்ல உருகிடுமோன்னு வழி பூரா மடிலயே வச்சிருந்தேன். இங்க பெத்தாலஜிஸ்ட் பாத்துட்டு அதே பேரத்தான் சொன்னாங்க, பிளாக்க பத்திரமா திருப்பியும் குடுத்துட்டாங்க.