புதிய உப்புநீர்த் தொட்டியில் கலங்கலும் பாசியும்: எதற்கு எந்த வழி?

புதிதாக அமைத்த உப்புநீர் மீன்தொட்டியில் முதல் சில மாதங்களுக்குள் தண்ணீர் கலங்குவதும், மணலிலும் பாறையிலும் பாசி படர்வதும் ஏறத்தாழ எல்லோருக்கும் நேர்வதுதான். பொறுத்திருப்பது, தண்ணீரை மாற்றுவது, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் புறஊதாக் கதிரால் கொல்லும் யு.வி. விளக்கைப் பொருத்துவது, பாசிக்குச் சத்தாகும் பாஸ்பேட்டை உறிஞ்சும் பொருளைப் போடுவது, நத்தைகளை விடுவது, மருந்து ஊற்றுவது என அப்போது பல வழிகள் முன்னே நிற்கின்றன. இவற்றுள் எது சிறந்தது என்று பொதுப்படையாகக் கேட்டால் சரியான விடை கிடைக்காது. ஒரு வகைக் கலங்கலைத் தெளியவைக்கும் வழி, இன்னொரு வகையில் பயனற்றுப் போவதோடு மீன்களின் உயிருக்கே உலை வைத்துவிடக்கூடும்.

ஆகவே முதல் வேலையாக, தொட்டி நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து, வெள்ளைத் தாளை அதன் பின்னால் வைத்துப் பார்க்க வேண்டும். சில மணி நேரத்தில் அடியில் மாவுபோலப் படிந்தால், அது சரியாகக் கழுவாத மணலின் தூசியாகவோ, காரத்தன்மையைக் கூட்டும் கரைசலை அளவுக்கு மீறி ஊற்றியதால் பிரிந்து வந்த கால்சியம் கார்பனேட்டாகவோ இருக்கும். பால் கலந்தாற்போல வெண்மை அப்படியே நின்றால் பெரும்பாலும் பாக்டீரியப் பெருக்கம். பச்சைச் சாயல் தெரிந்தால் மிதக்கும் நுண்பாசி.

தூசிக்கு ஃபில்டர் பஞ்சை மிஞ்சிய வழியில்லை. பஞ்சை நாள்தோறும் மாற்றினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிடும். தண்ணீரை மாற்றினாலோ, ஊற்றும் வேகத்திலேயே படிந்த தூசி மீண்டும் கிளம்பும்.

பால்போன்ற கலங்கலில்தான் போட்டி கடுமையானது. பாறையில் அழுகும் உயிர்ப்பொருளையும் மிஞ்சிய தீனியையும் உண்டு பெருகும் பாக்டீரியாக்கள், பாதி நீரை மாற்றினாலும் உணவு மிச்சமிருக்கும்வரை மிக விரைவில் பழைய எண்ணிக்கையை எட்டிவிடுகின்றன. உணவு தீர்ந்ததும் அவை தாமாகவே குறையும் என்பதால், மீன் இல்லாத தொட்டியில் பொறுத்திருப்பதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. மீன் இருந்தால் கணக்கு மாறுகிறது. பாக்டீரியாக்கள் ஆக்சிஜனை வேகமாகச் செலவிடுவதால், நீர்ப்பரப்பை நன்றாக அலையவிடுவதும் நுரையால் கழிவைப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரை ஓடவிடுவதும் உடனடித் தேவையாகின்றன. சோதனையில் அம்மோனியா தென்பட்டால் மட்டும், மீன்களைக் காக்கும் பொருட்டு நீரை மாற்ற வேண்டும். யு.வி. விளக்கும் இக்கலங்கலைக் குறைக்கும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் பாறையிலும் மணலிலும் ஒட்டி வாழ்வதால், விளக்கு அவற்றை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆயினும் இதற்கென்றே அதை வாங்குவது தேவையற்ற செலவு. அந்த விளக்கு தன் முழுத் திறத்தைக் காட்டுவது பச்சைக் கலங்கலில்தான்; நீர் மாற்றமோ அந்நுண்பாசியை நீர்த்துப்போகச் செய்வதோடு நின்றுவிடுகிறது.

இனிப் பாசிக்கு வருவோம். முதலில் தோன்றுவது பெரும்பாலும் மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புத் தூள்போலப் படியும் டயாட்டம் எனும் நுண்பாசி. இதற்கு மருந்தே வேண்டாம். அது ஓடு கட்டப் பயன்படுத்தும் சிலிக்கேட் தீர்ந்ததும் சில வாரங்களில் மறையும். குழாய்நீரை அப்படியே ஊற்றினால் சிலிக்கேட் மீண்டும் மீண்டும் சேரக்கூடும் என்பதால், ஆர்.ஓ. (சவ்வு), டி.ஐ. (அயனி நீக்கும் பிசின்) இரண்டிலும் வடிகட்டி, கரைந்த பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும் நீரையே உப்புக் கலக்கவும், ஆவியான நீரை ஈடுசெய்யவும் பயன்படுத்துவது நல்லது. பாசிக்கென்று ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால், நான் முதலில் கைகாட்டுவது இந்த வடிகட்டியைத்தான்.

பச்சை இழைப்பாசிக்கு இரண்டு முக்கிய வழிகள் போட்டியிடுகின்றன. ஒன்று, பாஸ்பேட்டை ஈர்த்துப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு குருணை. மற்றொன்று, தொட்டி நீர் ஓடும் தனிப் பெட்டியில் விளக்கு வைத்து வளர்க்கும் கீட்டோ எனும் பெரும்பாசி. குருணையின் வேகமே அதன் குறையும் ஆகிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அறவே அற்றுப்போன இளம் தொட்டியில், இழைப்பாசி விட்டுச்சென்ற இடத்தை டைனோஃபிளாஜெல்லேட்டுகள் (டைனோ) எனும் ஒருசெல் உயிர்கள் பிடித்துக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி. இவை நுனியில் காற்றுக் குமிழ் தொங்கும் பழுப்புச் சளிபோலப் படர்பவை. சில இனங்கள் நத்தைகளையே கொல்லும் நச்சுடையவை. இந்தச் சளியைக் கொஞ்சம் குப்பியில் எடுத்து நன்றாகக் குலுக்கி, காகிதத்தில் வடிகட்டிய நீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வைத்தால், சிதறியவை மீண்டும் கூடி இழையாகத் திரள்வதைக் காணலாம். டயாட்டம் அவ்வாறு திரள்வதில்லை. டைனோ என்று தெரிந்தபின் நீரை மாற்றுவதும் குருணையைத் தொடர்வதும் நிலைமையை மோசமாக்கும். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் மெல்ல உயர்த்துவதும், இரவில் மணலை விட்டு நீரில் மிதக்கும் இனமாயின் யு.வி. பொருத்துவதுமே பயன்தரும்.

கீட்டோவும் சத்துகளை உறிஞ்சுகிறது. ஆனால் அதன் வளர்ச்சிக்கேற்ப மெதுவாக உறிஞ்சுவதால் அளவு சட்டென்று சரிவதில்லை. தொட்டி விளக்கு அணைந்திருக்கும் இரவில் அதற்கு வெளிச்சம் தந்தால், இரவில் நிகழும் பி.எச். வீழ்ச்சியும் தணிகிறது. மிகப் புதிய தொட்டியில் அது வளரப் போதிய சத்து இல்லாமல் வாடக்கூடும் என்பதே அதன் பலவீனம். ஆகவே முதல் மாதங்களில் இவ்விரண்டையும்விட, இழைகளைக் கையால் பிடுங்கி, உதிர்ந்ததைக் குழாயால் உறிஞ்சி வெளியேற்றுவதையே நான் முன்னிறுத்துவேன். பாசி தன்னுள் சேர்த்த பாஸ்பேட்டும் அதனோடு வெளியே போகிறது. பாஸ்பேட் 0.1 பி.பி.எம். அளவை வெகுவாகத் தாண்டியிருந்தால் மட்டும் குருணையை, பரிந்துரைத்த அளவிலும் குறைத்துப் போட்டு, அடிக்கடி சோதித்துப் பார்க்கலாம். பவளம் இல்லாத தொட்டிக்குப் பிரகாசமான விளக்கே தேவையில்லை என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

பாசி தின்னும் நத்தைகளில், கவிழ்ந்தால் தானே நிமிரும் டிரோக்கஸ் வகை அஸ்ட்ரேயா வகையைவிட மேலானது. ஆனால் பெரும்பாலான நத்தைகள் நீண்ட இழைகளை விரும்பித் தின்பதில்லை என்பதால், பிடுங்கியபின் விடுவதே முறை.

செந்நிறப் போர்வைபோல மணலை மூடும் சயனோபாக்டீரியா உண்மையில் பாசியே அன்று, பாக்டீரியா. அதனால்தான் எரித்ரோமைசின் எனும் ஆன்டிபயாட்டிக் கலந்த மருந்துகள் அதைச் சில நாளில் அழிக்கின்றன. ஆயினும் நீரோட்டம் தேங்கும் மூலையும் அளவுக்கு மீறிய தீனியும் மாறாவிட்டால் அது திரும்பிவிடும். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் நைட்ரஜன் சுழற்சி இன்னும் நிலைபெறாத தொட்டியில் ஆன்டிபயாட்டிக்கை இறக்குவது ஆபத்தானதும்கூட. ஏடு ஏடாக உறிஞ்சி எடுப்பதையும் பம்பின் திசையை மாற்றுவதையும் சில வாரங்கள் விடாமல் செய்து பார்த்து, அதற்கும் அடங்காத நிலையில் மட்டுமே மருந்தை நாட வேண்டும். அப்போதும் படலத்தை இயன்றவரை முன்பே அகற்றிவிட்டு, அழுகும் மிச்சம் ஆக்சிஜனைத் தின்றுவிடாமலிருக்கக் காற்றுக்கல்லை இரவும் பகலும் ஓடவிட்டு, மருந்துக் காலம் முடிந்ததும் நீரில் ஒரு பகுதியை மாற்றி ஆக்டிவேட்டட் கார்பனைப் போட்டு எஞ்சிய மருந்தை நீக்க வேண்டும்.