ஜாக் சார்ல்டனும் பாபி மூரும்: பயிற்சியாளராக யார் மேல்?

1966 கால்பந்து உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் தடுப்பு வரிசையில் இருவரும் அருகருகே நின்றவர்கள். ஆட்டக்காரராக மூரே மேல். அதில் எனக்கு ஐயமே இல்லை. இங்கிலாந்துக்காக 108 ஆட்டங்கள், அவற்றில் 90-க்குத் தலைமை. பந்து எங்கே வரும் என்பதை முன்கூட்டியே கணித்துவிடுவார். சார்ல்டனுக்கோ முப்பதை நெருங்கும்போதுதான் இங்கிலாந்து அணியில் இடமே கிடைத்தது.

பயிற்சியாளர்களான பிறகு நிலைமை தலைகீழ். ஆடிய காலத்திலேயே சார்ல்டன் பயிற்சி வகுப்புகளுக்குப் போனவர். 1973-ல் மிடில்ஸ்பரோ கிளப்பை ஏற்று, முதல் பருவத்திலேயே அதை அன்று இங்கிலாந்தின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனுக்கு உயர்த்தினார். 1986 முதல் அயர்லாந்து அணி. 1988 யூரோ என்ற ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில், ஸ்டுட்கார்ட்டில் இங்கிலாந்தையே 1-0 என வீழ்த்தினார். 1990 உலகக் கோப்பையில் காலிறுதி வரை போனார். பந்தை நீளமாக அடித்து, எதிரணியை அதன் பாதியிலேயே நெருக்கும் அந்த ஆட்டம் அழகற்றது என்றார்கள். ஒவ்வொரு வீரருக்கும் தன் வேலை தெளிவாகத் தெரிந்த திட்டம் அது. அந்தத் தெளிவே எனக்கு அழகுதான்.

மூருக்குப் பயிற்சியாளராகக் கிடைத்த கிளப்புகள் ஆக்ஸ்ஃபோர்டு சிட்டி, ஹாங்காங்கின் ஈஸ்டர்ன், 1984 முதல் 1986 வரை சவுத்எண்ட். அவ்வளவே. 1993-ல் 51 வயதில் புற்றுநோயால் இறந்தார். பயிற்சியாளராக சார்ல்டனையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் மூரின் தோல்வியைத் திறமைக் குறைவு என்று மட்டும் எழுத மனம் வரவில்லை. மிடில்ஸ்பரோ போன்ற ஒரு தொடக்கம் அவருக்கு வாய்க்கவேயில்லை. கோப்பையை ஏந்திய அந்தத் தலைவரை இங்கிலாந்து கால்பந்து பயன்படுத்திக்கொள்ளாமல் விட்டது பெரும் தவறு.