வேலந்தாவளம் தாண்டிக் கொண்டுபோன படிகம்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வேதியியல் கற்பிக்கும் எனக்கு, தாமிரத்துடன் பினாந்த்ரோலினும் கிளைசினும் இணைந்த கலப்பு ஈனி (உலோக அணுவோடு பிணையும் மூலக்கூறே ஈனி) அணைவுச் சேர்மம் ஒன்றின் படிக அமைப்பு தேவைப்பட்டது. இரு ஈனிகளும் இருப்பதை அகச்சிவப்பு நிறமாலை காட்டிவிடும். எது எங்கே பிணைந்திருக்கிறது என்பதற்கு ஒற்றைப்படிக எக்ஸ் கதிர் ஆய்வே வழி. ஆனி மழையில், நீலப் படிகங்களை, அவை விளைந்த தாய்க்கரைசலோடு குப்பியில் அடைத்து, வேலந்தாவளம் எல்லையைத் தாண்டிக் கோவைப் பக்கத்து ஆய்வகம் ஒன்றின் கட்டணச் சேவைக்கு எடுத்துச் சென்றேன்.

அங்கே கருவியை இயக்குபவரின் பொறுமைக்கே பாதிக் கட்டணத்தைக் கொடுக்கலாம். முனைவாக்க நுண்ணோக்கியில் படிகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, 0.2 மில்லிமீட்டர் அளவுள்ள ஒன்றை எண்ணெய்த் துளியில் எடுத்துப் பொருத்தினார். முழு அளவீட்டில் இறங்காமல் முதலில் படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைப் பெட்டியான அலகுக்கூட்டை மட்டும் கண்டறிந்து, ஏற்கெனவே தெரிந்த படிக அமைப்புகளைத் தொகுத்துள்ள கேம்பிரிட்ஜ் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டார். "சார், இது நீங்க கேக்குறது இல்ல, ரெண்டு பினாந்த்ரோலின் ஏறினது," என்றார். கலப்பு ஈனிக் கரைசலில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஒரே முகவையில் வெவ்வேறு சேர்மங்கள் படிகமாகலாம். சற்று வெளிறிய நீலத்தில் இருந்த வேறொரு படிகம்தான் எங்களுடையது.

கிடைத்த அமைப்பு சதுரப் பிரமிடு. அடித்தளத்தில் பினாந்த்ரோலினின் இரு நைட்ரஜன்களும் கிளைசினின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஏறத்தாழ 2 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் நிற்க, உச்சியிலுள்ள நீர் மூலக்கூறு தாமிரத்தில் வழக்கமாகக் காணும் ஜான்-டெல்லர் உருத்திரிபு விளைவால் 2.27 ஆங்ஸ்ட்ராம் வரை விலகியிருந்தது. முழுச் சதுரப் பிரமிடுக்கு 0, முக்கோண இருபிரமிடுக்கு 1 என்று கணக்கிடும் டௌ மதிப்பு 0.08 வந்தது.

குறை என்னவென்றால், அணுக்களின் அதிர்வு அடங்கும் 100 கெல்வின் குளிரில் அளக்கச் சொல்லி விண்ணப்பத்தில் எழுதியிருந்தும், திரவ நைட்ரஜன் தீர்ந்துவிட்டதென்று என்னைக் கேட்காமலே அறை வெப்பநிலையில் அளந்துவிட்டார்கள். கட்டணத்தை மட்டும் குறைக்கவில்லை. அறை வெப்பநிலையில் அளந்ததால் இடைவெளிகளிலுள்ள நீர் மூலக்கூறுகளும் எதிரயனியான நைட்ரேட்டும் ஒழுங்கற்றுக் கிடக்கின்றன. அந்த நீரின் ஹைட்ரஜன்களை நம்பி வைக்க முடியவில்லை. படிக அமைப்பின் விவரங்கள் அடங்கிய சிஐஎஃப் கோப்பைச் சரிபார்த்ததில், மிகக் கடுமையான வகையான ஏ நிலை எச்சரிக்கைகள் இரண்டு வந்தன. தரவை முதலிலிருந்து கணக்கிட்டு, நானே ஷெல்எக்ஸ் மென்பொருளில் மறுபடி செம்மைப்படுத்தலாம் என்று கருவி பதிவுசெய்த மூலப் படச்சட்டங்களைக் கேட்டால், அவை அழிக்கப்பட்டுவிட்டன என்கிறார்கள். மிச்சப் படிகங்கள் தாய்க்கரைசலிலேயே இருக்கின்றன. அடுத்த முறை நைட்ரஜன் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்ட பிறகே பேருந்து ஏறுவேன்.