கொடைக்கானல் குளிரில் டீசல் ஹீட்டர்: மூன்று குளிர்காலம் ஓட்டிப் பார்த்ததில்

மதுரையில் மார்கழியிலேயே ஃபேன் போட்டுத்தான் தூங்குகிறோம், வேனுக்குள் ஹீட்டர் எதற்கு என்று என் மச்சான் உட்பட நிறைய பேர் கேட்டுவிட்டார்கள். பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து மாற்றியதே மலையில் தங்குவதற்காகத்தான். வத்தலக்குண்டு, காட்ரோடு, டம்டம் பாறை என்று ஏறினால் நாலு மணி நேரத்துக்குள் கொடைக்கானல். மதுரை கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டர் சொச்சம், கொடைக்கானல் 2,100 மீட்டர். இன்னும் உள்ளே பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போனால் ஜனவரி விடியலில் சில நாள் புல்மேல் உறைபனியே பார்க்கலாம். கூட வருவது 70 தாண்டிய என் அம்மா. குளிர் பட்டால் அவருக்கு வீசிங் வந்துவிடும். அதனால் இந்த ஹீட்டர் எனக்கு ஆடம்பரப் பொருள் இல்லை.

2022 டிசம்பரில் மாட்டினேன். 12 வோல்ட்டில் ஓடும் சீன டீசல் ஹீட்டர், 5 கிலோவாட். தனியாக ஒரு சின்ன டீசல் டேங்க், அதிலிருந்து துளித்துளியாக அனுப்பும் பம்ப், தீ மூட்ட ஒரு குளோ பிளக், எரிந்த புகை வண்டிக்குக் கீழே வெளியே போக ஒரு சைலன்சர். உள்ளே வரும் சூடான காற்றுக்கும் அந்தப் புகைக்கும் சம்பந்தமே இருக்காது. முதல் குளிர்காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. ராத்திரி முழுக்க மிதமாக ஓடினாலும் ஒன்றரை, இரண்டு லிட்டர் டீசல்தான் ஆனது.

அடுத்த வருடம்தான் சோதனை. 2024 ஜனவரி, மன்னவனூரில் ஒரு பூண்டு விவசாயி வீட்டு முற்றத்தில் அவரிடம் கேட்டுக்கொண்டு வண்டியை நிறுத்தியிருந்தோம். ராத்திரி 2 மணிக்கு ஹீட்டர் நின்றுவிட்டது. திரும்பப் போட்டால் பம்ப் டிக் டிக் என்று அடிக்கிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வருகிறது, ஐந்து நிமிடத்தில் எரர் காட்டி நின்றுவிடுகிறது. வெள்ளைப் புகை என்றால் டீசல் போகிறது, தீ பிடிக்கவில்லை என்று அர்த்தம். மூன்று தடவைக்கு மேல் முயற்சி செய்யவில்லை, எரியாத டீசல் உள்ளே தேங்கினால் அடுத்த தடவை பிடிக்கும்போது மோசமாகிவிடும். உள்ளே 9 டிகிரி. அம்மா இரும ஆரம்பித்துவிட்டார்.

அந்த ராத்திரி எங்களைக் காப்பாற்றியது வெந்நீர்தான். ஜன்னலையும் மேல் வென்ட்டையும் திறந்து வைத்து கேஸ் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, மருந்துக்கடையில் விற்குமே ரப்பர் வெந்நீர் பை, அதில் ஊற்றி அம்மாவின் காலடியில் ஒன்று, வயிற்றுப் பக்கம் ஒன்று. இன்னொரு பங்கு ஸ்டீல் பாட்டிலில் ஊற்றி கம்பளி சாக்ஸுக்குள் நுழைத்தேன். டிரைவர் சீட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே ஜமுக்காளத்தைத் திரை மாதிரி கட்டினேன், ஏனென்றால் முன்கண்ணாடி வழியாகத்தான் குளிர் நிறைய இறங்குகிறது. அப்புறம் மேலே போர்த்தியிருந்த மூன்று போர்வையில் ஒன்றை எடுத்து மெத்தைக்கு அடியில் விரித்தேன், அதற்கும் கீழே கோரைப்பாய். மேலே எத்தனை போர்வை போட்டாலும் கீழே வெறும் பிளைவுட் என்றால் முதுகு சில்லிட்டுக்கொண்டேதான் இருக்கும். கால் மணி நேரத்தில் அம்மா தூங்கிவிட்டார், வண்டிக்குள் அப்போதும் 9 டிகிரிதான்.

சத்தம் கேட்டு எழுந்து வந்த வீட்டுக்காரர், "தம்பி, அடுப்புல கங்கு இருக்கு, சட்டியில அள்ளித் தரேன், உள்ள வச்சுக்கங்க, பெரியவங்க பாவம்" என்றார். பாசத்தோடுதான் சொன்னார். வேண்டாம் ஐயா என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டேன். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மூடிய அறையில் கரியடுப்போடு படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை என்று பேப்பரில் படிக்கிறோமே, அதுதான். கேஸ் அடுப்பையும் ஹீட்டராக எரியவிட்டுப் படுக்காதீர்கள். உங்கள் டீசல் ஹீட்டர் நன்றாக ஓடினாலும்கூட தலைமாட்டில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் தூங்காதீர்கள்.

மதுரைக்கு இறங்கி வந்து போட்டுப் பார்த்தால் ஒழுங்காக எரிகிறது! விற்றவரிடம் கேட்டால் பிளக் மாற்றுங்கள் என்றார். மாற்றினேன், மலைக்குப் போனேன், மறுபடி அதே கதை. இன்னொரு பிளக்கும் மாற்றினேன். கடைசியில் பழங்காநத்தம் பக்கம் டீசல் பம்ப் வேலை பார்க்கிற ஒரு தம்பியிடம் கொண்டுபோனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "அண்ணே, பிளக்க மாத்தி மாத்தி என்னண்ணே பிரயோஜனம், அதுக்குக் கரன்ட் போய்ச் சேருதான்னு பாத்தீங்களா?"

மல்டிமீட்டர் வைத்தார். பேட்டரியில் 12.3 வோல்ட். பிளக் சூடாகும் நேரத்தில் ஹீட்டர் கனெக்டரில் 10.6. குளோ பிளக் மூட்டும்போது 10 ஆம்பியர் வரை இழுக்கும், நான் அதற்கு வீட்டு வயரிங்குக்குப் போடும் மெல்லிய வயரை நீட்டி ஜாயின்ட் போட்டிருந்தேன். வழியிலேயே வோல்ட் குறைந்து, பிளக் தீ மூட்டும் அளவுக்குச் சூடாகவில்லை. மதுரையில் பகல் வெயிலில் சோலார் சார்ஜ் ஏறி பேட்டரி தெம்பாக இருக்கும்போது சோதித்ததால் குறை தெரியவே இல்லை. பேட்டரியிலிருந்து நேராக 6 ஸ்கொயர் எம்எம் வயர், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ், நடுவில் ஜாயின்ட் இல்லாமல் இழுத்துக் கொடுத்தார்.

பிளக்கைக் கழற்றியதும் அதைச் சுற்றி ஒரு சின்ன உலோக வலை வந்தது, விரல் நுனி அளவுதான். அதன் கண்ணெல்லாம் அடைத்து, சட்டியின் அடிப்பிடித்த கரி மாதிரி மொரமொரவென்று ஒட்டியிருந்தது. ஊசியால் குத்தினால் செதில் செதிலாக உதிர்ந்தது. இரண்டாவது குற்றவாளி இதுதான், காரணம் உயரம். 2,100 மீட்டரில் காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பம்ப் மதுரையில் அனுப்பிய அதே அளவு டீசலை அங்கேயும் அனுப்பினால் எரிய காற்று போதாது, மிச்சமெல்லாம் கரிதான். கன்ட்ரோலர் செட்டிங்கில் பம்பின் உச்ச வேகத்தை 5.5 ஹெர்ட்ஸிலிருந்து (நொடிக்கு 5.5 துடிப்பு) 4.4க்குக் குறைத்தேன். ராத்திரி முழுக்கச் சிம்மில் ஓட்டினாலும் கரி படியும், அதனால் காலையில் நிறுத்துவதற்கு முன் 20 நிமிடம் ஃபுல்லில் விடுகிறேன். ஆஃப் பண்ணியதும் மெயின் சுவிட்சை அணைத்துவிடக் கூடாது, ஃபேன் சில நிமிடம் ஓடி உள்ளே ஆறிய பிறகுதான் தானாக நிற்கும். முதல் வருடம் இது எனக்குத் தெரியாது.

2024 டிசம்பரிலிருந்து மூன்றாவது குளிர்காலம். ஒரே ஒரு தடவை நின்றது, சரிவில் நிறுத்தி டேங்க் பாதிக்குக் கீழே இருந்ததால் குழாயில் காற்றுக் குமிழ். டேங்கை நிரப்பினேன், சரியாகிவிட்டது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வாங்கலாம், ஆனால் எங்கள் அளவு வண்டிக்கு 2 கிலோவாட் போதும். நான் 5 வாங்கியது தப்பு. பெரியதை எப்போதும் சிம்மில் வைத்து ஓட்ட வேண்டியிருக்கிறது, அதனாலேயே சீக்கிரம் கரி பிடிக்கிறது. பம்ப் டிக் டிக் சத்தம் தூக்கம் லேசானவர்களுக்குத் தொந்தரவுதான், ரப்பர் கிளாம்பில் தொங்கவிட்டால் பாதி குறையும். மூன்று பேர் மூச்சு விட்டாலே கூரைத் தகட்டில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்துவிடும், எனவே எவ்வளவு குளிர் என்றாலும் மேல் வென்ட் இரண்டு விரற்கடை திறந்தே இருக்கட்டும். ஈரப் போர்வைக்குள் எந்த ஹீட்டரும் உதவாது.

இப்போது டேஷ்போர்டில் ஒரு வலை, ஒரு பிளக், கேஸ்கெட், ஸ்பானர் எப்போதும் இருக்கும். ரப்பர் பை இரண்டும் கட்டில் அடியில். போன ஜனவரியில் ஹீட்டர் நன்றாக ஓடி உள்ளே 20 டிகிரி இருந்தபோதும் அம்மா படுக்கும் முன் கேட்டார், "அந்த வெந்நீர்ப் பையைக் குடுப்பா, கால் அதுக்குப் பழகிருச்சு."