பென்ட்லி 3 லிட்டரா, வாக்ஸ்ஹால் 30-98-ஆ?

1920-களின் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் டூரர் என்று பேச்செடுத்தால் இந்த இரண்டு பெயர்களும் வந்தே தீரும். நாலு பேர் உட்கார்ந்து நெடுந்தூரம் போகலாம் என்ற கணக்கில் கட்டிய, மேல்கூரை மடக்கும் திறந்த கார்கள். இரண்டுமே பந்தயத்தில் பேர் வாங்கியவை. புதுப்பித்த நிலையில் இரண்டையும் அருகருகே நிறுத்தினால் கூட்டம் பென்ட்லியைத்தான் சுற்றும். என் ஓட்டு வாக்ஸ்ஹாலுக்கு. பென்ட்லிக்குச் சேர வேண்டிய பெருமையில் கை வைக்காமலே அதைச் சொல்ல முடியும்.

பந்தயப் பெருமையில் பென்ட்லிக்குப் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. 1923-ல் பிரான்சின் லெமானில் முதன்முதலாக 24 மணி நேரப் பந்தயம் நடந்தபோது ஜான் டஃப் என்பவர் சொந்தப் பொறுப்பில் ஒரு 3 லிட்டர் காரைக் கொண்டுபோனார். கூட ஓட்டியவர் பென்ட்லி கம்பெனியின் ஃபிராங்க் கிளெமென்ட். காரில் முன்சக்கரங்களுக்கு பிரேக்கே கிடையாது. கல் பட்டு பெட்ரோல் டாங்க் ஓட்டையாகி, கார் வழியில் நின்றுபோனது. கிளெமென்ட் ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு பெட்ரோலோடு போய் ஓட்டையை அடைத்துக் காரை மீட்டு வந்தார். இவ்வளவுக்கும் பிறகு நாலாவது இடம், அதோடு அந்தப் பந்தயத்தின் அதிவேகச் சுற்றும் இவர்களுடையதே. அடுத்த ஆண்டு, 1924-ல், இதே ஜோடி ஜெயித்தது. 1927 லெமான் பந்தயத்தில் 'ஒயிட் ஹவுஸ்' என்ற வளைவில் பல கார்கள் ஒன்றோடொன்று மோதிக் கிடந்த இடத்தில் பென்ட்லி அணியின் மூன்று கார்களும் சிக்கின. அதில் சாமி டேவிஸ் ஓட்டிய, 'ஓல்டு நம்பர் செவன்' என்று செல்லப்பெயர் பெற்ற கார் மட்டும் வளைந்த ஆக்சிலோடும் உடைந்த விளக்கோடும் வெளியே வந்தது. அவரும் டாக்டர் பெஞ்சஃபீல்டும் மாற்றி மாற்றி ஓட்டி அந்தக் காரிலேயே ஜெயித்தார்கள்.

வாக்ஸ்ஹால் 30-98-க்கு இப்படி ஒரு காவியம் இல்லை. அது பிறந்ததே ஒரு மலையேற்றத்துக்காக. ஆட்டோவாக் என்ற பெட்ரோல் ஏற்றும் கருவியால் அறியப்பட்ட ஜோசப் ஹிக்கின்சன், இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வால்ஷ் மேட்டில் ஜெயிக்க ஒரு கார் வேண்டும் என்று கேட்டார். வாக்ஸ்ஹாலின் பொறியாளர் லாரன்ஸ் பொமராய் கட்டிக் கொடுத்தார். 1913-ல் ஹிக்கின்சன் 55.2 வினாடியில் ஏறி வைத்த சாதனை 1921 வரை நின்றது. இடையில் உலகப்போர் வந்து போட்டிகளே நடக்காத ஆண்டுகளும் இதில் அடக்கம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்புறம் ஆஸ்திரேலியா. மோசமான சாலைகளில் நகரத்துக்கு நகரம் ஓட்டிச் சாதனை வைக்கும் பழக்கம் அங்கே இருந்தது. சிட்னியின் வாக்ஸ்ஹால் முகவர் பாய்ட் எட்கின்ஸ் 30-98-ஐ வைத்துக்கொண்டு அதில் புகுந்து விளையாடினார். இந்தக் கார்கள் இன்றைக்கும் ஆஸ்திரேலியாவில் நிறையப் பிழைத்திருக்கின்றன. பட்டமாக எண்ணினால் லெமான் வெற்றிக்கு இதெல்லாம் ஈடில்லை. ஆனால் டூரர் என்ற பெயருக்கு உண்மையான சோதனை எது என்று கேட்டால், சர்க்யூட்டைவிட அந்தச் சாலைகளைத்தான் நான் காட்டுவேன்.

இன்ஜினைத் திறந்தால் இரண்டு கம்பெனிகளின் மனமும் தெரியும். பென்ட்லியில் 2996 சிசி. சிலிண்டர் அகலம் 80 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 149. இப்படி ஒல்லியாக நீண்டிருப்பது வரிக்கும் சாதகம். பிரிட்டனில் 1921 முதல் சிலிண்டர் அகலத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் வைத்துக் குதிரைத்திறன் கணக்கிட்டு, ஒரு குதிரைக்கு ஒரு பவுண்டு என்று வரி போட்டார்கள். அதன்படி பென்ட்லிக்கு ஆண்டுக்கு 16 பவுண்டு, 98 மில்லிமீட்டர் அகலம் கொண்ட வாக்ஸ்ஹாலுக்கு 24. பென்ட்லியில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஒன்று சிலிண்டர் தலைக்கு மேல், சிலிண்டருக்கு நாலு வால்வு, இரண்டு பிளக், பிளக்குகளுக்கு மின்சாரம் தர இன்ஜினில் இரண்டு மேக்னீட்டோ. 1919-ல் காட்டப்பட்டு 1921-ல் விற்பனைக்கு வந்த கார் இது. அந்த நாளுக்கு அசாத்தியமான வேலைப்பாடு.

வாக்ஸ்ஹாலின் முதல் வகையான 'இ டைப்'பில் 4525 சிசி, பழைய பாணி பக்கவாட்டு வால்வு. அதற்கே 90 குதிரைத்திறன். 1922 கடைசியில் வந்த 'ஓ.இ.' வகையில் அளவு 4224 சிசியாகக் குறைந்தது, வால்வுகள் மேலே ஏறின, அவற்றைத் தள்ளித் திறக்கப் புஷ்ராடு என்ற கம்பிகள் வைத்தார்கள், குதிரைத்திறன் 110-ஐத் தாண்டியது. பென்ட்லியின் வேகமான வகையான ஸ்பீடு மாடலே சுமார் 80-தான். நுணுக்கத்தால் சாதிக்கப் பார்த்தது பென்ட்லி. வாக்ஸ்ஹால் எளிமையான பெரிய இன்ஜினைப் போட்டு வேலையை முடித்துக்கொண்டது. சாலையில் வித்தியாசம் உடனே தெரியும். வாக்ஸ்ஹால் டாப் கியரில் விழுந்துவிட்டால் இன்ஜின் நிதானமாக உருள, கார் பறக்கும். மேடு வந்தாலும் கியரைத் தேட வேண்டாம். பென்ட்லி அப்படி விடாது. ஆக்சிலரேட்டர் பெடல் நடுவில், கியர் லிவர் வலப்பக்கம், ஒவ்வொரு கியர் இறக்கத்துக்கும் இரண்டு முறை கிளட்ச் மிதித்து இடையில் இன்ஜின் வேகத்தைக் கூட்ட வேண்டும். பழகியவருக்கு அது சுகம். பழகாதவர் பல் சக்கரங்களை நறநறவென்று அரைப்பதை அடுத்த தெருவே கேட்கும்.

வாக்ஸ்ஹாலின் பெரிய ஓட்டை பிரேக். நூறு மைல் வேகத்துக்குத் தயார் செய்து தருவோம் என்று உத்தரவாதம் கொடுத்த கம்பெனி, அந்த வேகத்தை அடக்குவதைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. முன்சக்கர பிரேக் 1923 கடைசியில்தான் வந்தது, வந்தும் பேருக்குத்தான். பென்ட்லியும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் நாலு சக்கரத்துக்கும் மாறியது, ஆனால் ஒழுங்காக மாறியது. இந்த ஒரு விஷயத்தில் ஒப்பிடவே வேண்டாம், பென்ட்லி ஜெயித்துவிட்டது.

பராமரிப்பில் கதை திரும்புகிறது. பென்ட்லியின் சிலிண்டர் பிளாக்கும் ஹெட்டும் ஒரே வார்ப்பு. கேஸ்கெட் போகும் பயம் இல்லை, சரி. ஆனால் வால்வு தேய்க்க வேண்டுமென்றால் பிளாக்கையே தூக்க வேண்டும். உதிரிபாகம் கிடைப்பதில் மட்டும் பென்ட்லிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். சுமார் 1,600 கார்கள் செய்தார்கள், 1936-லேயே ஓட்டுநர் சங்கம் தொடங்கிவிட்டது. 30-98 மொத்தம் 600-ஐ ஒட்டித்தான்.

புதுப்பித்தது என்ற சொல்லை நம்பி வாங்கப் போகிறவர் கவனிக்க வேண்டிய இடம் பாடி. பென்ட்லி சேஸியை, அதாவது இன்ஜினும் சக்கரமும் சேர்ந்த அடிச்சட்டத்தைத்தான் விற்றது. பாடி கட்டியது வெளியார். நிறைய 3 லிட்டர்கள் மூடிய சலூன்களாகவே வெளியேறின. பிற்காலத்தில் அந்தச் சலூன் பாடிகளைக் கழற்றி எறிந்துவிட்டு வேண்டன் பிளாஸ் என்ற பாடி நிறுவனத்தின் பாணியில் திறந்த டூரராக மாற்றினார்கள். சிலவற்றில் சேஸியை வெட்டிக் குட்டையாக்கினார்கள், 4½ லிட்டர் இன்ஜினையும் வைத்தார்கள். பச்சை பெயின்ட், பானட் மேல் தோல் பட்டை, பக்கத்தில் வட்டமிட்ட எண் எல்லாம் இருக்கும். லெமானை அந்தக் கார் கனவில்கூடப் பார்த்திருக்காது. தொழிற்சாலைக் குறிப்புகள் இருப்பதால் சேஸி எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஒத்துப்பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்பது ஆறுதல். வாக்ஸ்ஹாலில் வெலாக்ஸ் என்ற நாலு இருக்கை பாடியைக் கம்பெனியே கொடுத்தது. அதனால் டூரராகப் பிறந்து டூரராகவே இருக்கும் 30-98-ஐத் தேடுவது அவ்வளவு கடினமில்லை. படகு வால் வைத்த வென்சம் பாடி அழகுதான், ஆனால் அதன் நகல்களிடம் ஜாக்கிரதை.

பென்ட்லிகளை உலகின் வேகமான லாரிகள் என்று பந்தயக் கார் தயாரிப்பாளர் எட்டோர் புகாட்டி கிண்டல் செய்ததாகச் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், நிஜமாக லாரி செய்யப் போனது வாக்ஸ்ஹால்தான். 1925-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போனது, 1927-ல் 30-98 நின்றது, 1931-ல் பெட்ஃபோர்டு லாரி வந்தது. நம்ம ஊர் கான்டெஸ்ஸாவும் ஒரு வாக்ஸ்ஹாலின் வாரிசுதான். வாக்ஸ்ஹால் என்ற பெயருக்கு இன்று கூட்டம் கூடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சன்பீம் 3 லிட்டரையும் சேர்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். இரட்டைக் கேம்ஷாஃப்ட், ஆறு சிலிண்டர், 1925 லெமானில் இரண்டாம் இடம். காகிதத்தில் பிரமாதம். ஆனால் இந்த இரண்டின் குணம் அதில் எனக்குத் தெரிவதில்லை.

பந்தயச் சரித்திரமே முக்கியம், சங்கத்து ஆட்களும் உதிரிபாகமும் கைக்கெட்ட வேண்டும் என்றால் நீளம் குறைந்த சேஸியில் வந்த ஸ்பீடு மாடல் பென்ட்லி, எண்கள் ஒத்துப்போவதாகப் பார்த்து. ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் வெலாக்ஸ் பாடியோடு ஓ.இ. வகை வாக்ஸ்ஹால், அதுவும் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியதாக. கம்பெனியே கடைசிக் காலத்தில் ஹைட்ராலிக்குக்குப் போனது. பழைய காரில் பிற்பாடு பொருத்தியிருந்தால் கண்காட்சி நடுவர்கள் மதிப்பெண்ணில் கை வைப்பார்கள், வைக்கட்டும்.