'சைன் கம்பேர்' எச்சரிக்கையுடன் ஆறு ஆண்டுகள்

கருவிகளை இயக்கும் சிறு கணினிச் சில்லுகளான 8 பிட் ஏவிஆரிலும் 32 பிட் கார்டெக்ஸ்-எம்மிலும் மாறி மாறி சி நிரல் எழுதுகிறவன் நான். ஆறு ஆண்டுகளாக ஜிசிசி கம்பைலரின் 'டபிள்யூ எக்ஸ்ட்ரா' (-Wextra) என்ற கூடுதல் எச்சரிக்கைத் தேர்வை ஒரு நாள்கூட அணைத்ததில்லை. குறியுள்ள எண்ணை (எதிர்மறையும் ஆகக்கூடியது) குறியற்ற எண்ணோடு (எதிர்மறை ஆகாதது) ஒப்பிட்டால் எச்சரிக்கும் 'சைன் கம்பேர்', சி மொழியைப் பொறுத்தவரை இந்தத் தேர்வுக்குள்தான் இருக்கிறது. வழக்கமான எச்சரிக்கைகளுக்கான 'டபிள்யூ ஆல்' (-Wall) மட்டும் போட்டால் அது வராது. இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

அந்த இரண்டு நாளும் ஒரு விசிறியோடு கழிந்தன. வெப்பநிலை 30 பாகையைத் தாண்டினால் விசிறி சுழல வேண்டும். குளிர்ச் சோதனையில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிய கணமே அது முழு வேகத்தில் சுழலத் தொடங்கியது. சென்சரை மாற்றினேன், வயரை மாற்றினேன். அளவீட்டைச் சீரியல் போர்ட்டில் அச்சிட்டுப் பார்த்தால் -1 என்று சரியாகவே வந்தது. வரம்பும் 30தான். ஆனாலும் நிரல் '-1 பெரியது' என்றே முடிவெடுத்தது.

வெப்பநிலை குறியுள்ள 16 பிட் எண், வரம்பு குறியற்ற 16 பிட் எண். ஏவிஆரில் சி மொழியின் அடிப்படை முழு எண் வகையான இன்ட்டின் அகலமும் 16 பிட்தான். ஒரே அகலமுள்ள இரண்டு வகைகள் இப்படி எதிரெதிரே வந்தால், குறியுள்ளதைக் குறியற்றதாக மாற்றிவிட்டுத்தான் சி மொழி ஒப்பிடும். அப்போது -1 என்பது 65535 ஆகிவிடுகிறது. இதே வரியை முதலில் கார்டெக்ஸ்-எம் பலகையில் ஓட்டிப் பார்த்திருந்தேன், அதனால்தான் அதன்மேல் சந்தேகமே வரவில்லை. அங்கே இன்ட் 32 பிட். இன்ட்டைவிடக் குறுகிய இரண்டு எண்களும் ஒப்பீட்டுக்கு முன்பே இன்ட் ஆகிவிடுவதால் -1 அப்படியே -1 ஆக நிற்கிறது.

எச்சரிக்கையை இயக்கியதும் அந்த வரியைக் கம்பைலர் உடனே சுட்டிக்காட்டியது. பழைய கோப்புகளிலும் இப்படிப் பல வரிகள் வெளிவந்தன. அவற்றின் வாயை அடைக்கக் கண்ணை மூடிக்கொண்டு காஸ்ட் போடுவது, அதாவது எண்ணின் வகையைக் கட்டாயமாக மாற்றுவது, பெருந்தவறு. வெப்பநிலையைக் குறியற்றதாகக் காஸ்ட் செய்தால் எச்சரிக்கை போய்விடும், பிழை அங்கேயே இருக்கும். இங்கே திருத்த வேண்டியது வரம்பின் வகையை. எதிர்மறை வரக்கூடிய அளவு ஒன்று இருந்தால், அதோடு ஒப்பிடப்படும் மாறிலிகள் எல்லாமே குறியுள்ளவையாக இருக்கட்டும்.

குறியற்ற மாறி பூஜ்யத்துக்குக் கீழே போவதற்காகக் காத்திருக்கும் முடிவில்லாச் சுழலையும் இதே தேர்வு பிடித்துவிடுகிறது. ஏவிஆரில் சாதாரண கேர் வகை மாறி (குறியுள்ள 8 பிட், உச்சம் 127) 255-க்குச் சமமா என்று ஒப்பிட்டால், அது ஒருபோதும் உண்மையாகாது என்பதையும் சொல்கிறது.

இவ்வளவு உதவும் துணை கைவிடும் இடமும் உண்டு. ஏவிஆரில் ஆண்டுக்கணக்கில் பிழையின்றி ஓடிய வால்வு நிரலைக் கார்டெக்ஸ்-எம்முக்கு மாற்றினேன். மில்லிநொடி எண்ணும் குறியற்ற 16 பிட் கணக்கி (65535-க்குப் பிறகு மீண்டும் பூஜ்யத்துக்கு வரும்), 'இப்போது கழித்தல் தொடக்கம்' 300-ஐ எட்டினால் வால்வை மூடு என்ற நிபந்தனை. தொடக்கம் 65400, இப்போது 200 என்று வைத்துக்கொள்வோம். ஏவிஆரில் கழித்தல் குறியற்ற 16 பிட்டில் நடந்து 336 கிடைக்கும், வால்வு மூடும். கார்டெக்ஸ்-எம்மில் கழித்தல் 32 பிட் இன்ட்டில் நடக்கிறது, விடை -65200. கணக்கி உச்சமான 65535-க்குப் போனாலும் வித்தியாசம் 135-ஐத் தாண்டாது. வால்வு மூடவே மூடாது.

சாத்தியமான 65536 தொடக்க மதிப்புகளில் கடைசி 300 மதிப்புகள் மட்டுமே இப்படிச் சிக்கும். ஏறத்தாழ 218 முறை திறந்தால் ஒரு முறை. மேசையில் வைத்துப் பத்துப் பதினைந்து முறை இயக்கிப் பார்க்கிறவர் கண்ணில் இது படாது. ஒப்பீட்டின் இரு பக்கமும் குறியுள்ள இன்ட் என்பதால் கம்பைலரும் வாய் திறக்கவில்லை. வகை மாற்றத்தில் மதிப்பு மாறக்கூடும் என்று எச்சரிக்கும் 'டபிள்யூ கன்வெர்ஷன்' (-Wconversion) சேர்த்தும் மௌனம்தான். விசிறியை ஏவிஆரில் கெடுத்த அதே விதி, வால்வை ஏவிஆரில் காப்பாற்றியிருக்கிறது!

கழித்த விடையை மீண்டும் குறியற்ற 16 பிட்டுக்குக் காஸ்ட் செய்து அதன்பிறகு ஒப்பிடுவதுதான் திருத்தம். இப்போது கால வித்தியாசம் பார்க்கும் இடமெல்லாம் அந்த காஸ்ட் இருக்கிறது. 8 பிட் கணக்கியென்றால் ஏவிஆரிலும் அது கட்டாயம்.

இன்னொன்றையும் வழக்கமாக்கிக்கொண்டேன். சோதனை நிரலில் கணக்கியைப் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை, 65400-இல் தொடங்குகிறேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் நேரத்தை எண்ணும் 32 பிட் ஜிஃபீஸ் கணக்கியும் கணினி தொடங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே உச்சத்தைத் தாண்டிப் பூஜ்யத்துக்குச் சுற்றி வரும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. வால்வு நிரலை இப்படித் தொடங்கியிருந்தால், முதல் திறப்பிலேயே அது மூடாமல் நின்றிருக்கும்.