மேசைக்கு மேலே கலக்கிற மசாலா

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் மசாலாக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. சிவப்பும் மஞ்சளுமாகத் தூளைக் கூம்பு கூம்பாகக் குவித்து வைத்திருப்பார்கள். படம் எடுக்க வருபவர்களுக்கு அது சரி. ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றும்போது கூட்டத்துக்கு பீன்ஸ் கறி சமைக்கிற எனக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம்: தூளில் என்ன இருக்கிறது, எடை சரியா?

அதற்கு நான் போவது உள்ளே தள்ளியிருக்கிற ஒரு சின்னக் கடைக்கு. வாசலில் பித்தளை விளக்குகள் தொங்கும், எதிரே ஜூலு அம்மா ஒருவர் பாசிமணி விற்பார். கல்லாவில் அப்பா, நிறுப்பது மகன். கறி மசாலா கேட்டால் கொத்தமல்லி, சீரகம், சோம்பு, பட்டை என்று ஒவ்வொரு டப்பாவாக மேசைமேல் எடுத்து வைத்து, தனித்தனியாக நிறுத்து, பெரிய எவர்சில்வர் தட்டில் நம் கண் முன்னாலேயே கலக்குகிறார். தராசின் எண் நம் பக்கம் பார்த்திருக்கும். வெறும் பையை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிய பிறகுதான் தூள் விழும். வியாபாரத் தராசைச் சரிபார்த்து முத்திரை வாங்க வேண்டும் என்பது இந்த நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம். இவர்கள் அந்த முத்திரை தெரிகிற மாதிரியே தராசை வைத்திருக்கிறார்கள்.

“எல்லாம் அபவ் போர்ட் (above board), அக்கா” என்று பெரியவர் அடிக்கடி சொல்வார், ஒளிவுமறைவு இல்லை என்ற அர்த்தத்தில். துறைமுக ஊர் என்பதாலோ என்னவோ, அது கப்பலிலிருந்து வந்த பேச்சு, ஆட்களைக் கீழ்த்தட்டில் ஒளிக்காமல் மேலே நிறுத்துவது என்று இங்கே சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட ஆங்கில அகராதியில் சூதாட்டக்காரர்களைத்தான் சொல்கிறார். கை மேசைக்கு அடியில் போனால் சீட்டை மாற்றுகிறான் என்று அர்த்தம். இரண்டு கையும் பலகைக்கு மேலே தெரிந்தால் ஆட்டம் சுத்தம். அந்தக் கால ஆங்கிலத்தில் சாப்பாட்டு மேசையும் சீட்டாட்ட மேசையும் ‘போர்ட்’தான். பெரியவருக்கு இந்தப் பேச்சு அச்சு அசலாகப் பொருந்துகிறது.

மிளகாய்த்தூளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். முன்பு வேறொரு கடையில் வாங்கிய தூளைத் தண்ணீரில் தூவியதுமே சாயம் சிவப்புக் கோடாக இறங்கியது. அப்படியே கொட்டிவிட்டேன். இந்தக் கடைத் தூள் அப்படிச் சாயம் விடவில்லை. ஆனாலும் சூடான் சாயம் என்று உணவில் சேர்க்கக் கூடாத ஒரு சிவப்புச் சாயம் உண்டு. அது எண்ணெயில் கரைவது, தண்ணீர்ச் சோதனையில் அது சிக்காது. 2005-இல் அந்தச் சாயம் கலந்த மிளகாய்த்தூளால் பிரிட்டனில் 400-க்கும் மேற்பட்ட உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அதனால் நான் முழு மிளகாயாக வாங்கி அங்கேயே அரைக்கச் சொல்கிறேன். காஷ்மீரி மிளகாயை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். காம்பு கிள்ளியது, சொத்தை இல்லாதது. அரைக்கிற மெஷினும் திரைக்குப் பின்னால் இல்லை, பக்கத்திலேயே நின்று பார்க்கலாம்.

குறையும் உண்டு. கரம் மசாலாவில் பட்டை தூக்கல். மட்டன் கறிக்கு எடுக்கும், பீன்ஸுக்குச் சரிவராது. பை ரொம்ப மெலிசு, வீட்டுக்கு வந்ததும் டப்பாவில் மாற்றிவிடுங்கள்.

விலை பக்கத்துக் கடைகளைவிடக் கொஞ்சம் கூட. பேரம் பேசினால் குறைக்க மாட்டார், ஆனால் ஒரு கொத்து கறிவேப்பிலை சேர்த்துக் கொடுப்பார். சனிக்கிழமை கூட்டம் நெரியும். அரைத்து வாங்க வேண்டுமென்றால் வார நாளில் காலையிலேயே போங்கள்.